நிக்காஹ் பக்கத்தில் ஒரு கட்டில் விளம்பரம்

காலண்டர் அடிக்க மாட்டேன் என்று நான் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்கள் அப்பா பொன்னுதுரை திருச்செந்தூர் பக்கத்து நாசரேத்தில் மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். டிசம்பர் வந்தால் பைபிள் வசன காலண்டர் அடித்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுப்பார். விளம்பரம் என்றால் அவருக்கு அதுதான். ஒரு வீட்டுச் சுவரில் நம் கடைப் பெயர் வருஷம் முழுக்கத் தொங்கினால், அந்த வீட்டுக்காரர் என்றைக்காவது கட்டில் வாங்க வந்தே தீருவார் என்று திடமாக நம்புகிறவர். நான் ரேச்சல், அவருடைய மூத்த மகள். ஆறுமுகநேரியில் இருக்கும் எங்கள் கிளைக் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வருஷம் என் கடைக்குக் காலண்டர் வேண்டாம், அந்தக் காசைக் கொடுங்கள், இன்டர்நெட்டில் விளம்பரம் போடுகிறேன் என்றேன்.

"அத ஆணி அடிச்சி மாட்ட முடியுமாளா?" என்று கேட்டார் அப்பா.

கேட்டாலும் காசைக் கொடுத்துவிட்டார். கொடுத்தது நம்பிக்கையால் இல்லை. அந்தக் கடையின் கதை எப்படியும் டிசம்பரோடு முடிந்துவிடும் என்று அவரும் என் தம்பி நேசக்குமாரும் ஏற்கனவே பேசி வைத்திருந்தார்கள்.

சாகுபுரம் ஆலைக் குடும்பங்களை நம்பித்தான் அந்தக் கிளையைத் திறந்தோம். திறந்த பிறகுதான் தெரிந்தது, குவார்ட்டர்ஸ் அறைக்குள் எங்கள் தேக்குக் கட்டிலைப் போட்டால் ஆள் நடக்க இடமிருக்காது என்று. அதனால் அவர்கள் வந்து, தடவிப் பார்த்து, "ரிட்டையர் ஆகட்டும், வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கட்டில் மேல் தூசியும் தூசி மேல் நானுமாக உட்கார்ந்திருந்தோம். கடையின் வாடகை ஒப்பந்தம் நேசன் பெயரில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பேப்பர் என்று ஒன்று இருந்தால் அது நேசன் பெயரில்தான் இருக்கும். டிசம்பரில் அது முடிகிறது. கட்டிடக்காரர் ஜெபகனி அண்ணாச்சியிடம் செல்போன் கடைக்காரர் ஒருவர் இடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூடிருவோம்க்கா. சாமான எல்லாம் நாசரேத்துக்கே கொண்டு வந்துருவோம். நீயும் தெனமும் பஸ்ல அலையாம நிம்மதியா வீட்டுல இரு" என்றான் நேசன்.

எனக்குக் கோபம் வரவழைக்கிற சொற்களில் நிம்மதிக்குத்தான் முதலிடம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், வீடு முத்தையாபுரத்தில். திருச்செந்தூர் பஸ் பிடித்து ஆறுமுகநேரியில் இறங்கி, ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி கொளுத்தாமல் ஒரு ஜெபம் சொல்லி, கல்லாவில் உட்காருவேனே, அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்திருப்பதே. அதை எடுத்துவிட்டு நிம்மதியைக் கொடுத்தால் அதை வைத்து நான் என்ன செய்ய?

காசை வாங்கியதும் முதலில் எல்லாரும் போகிற மாதிரி அந்தப் பெரிய கம்பெனி விளம்பரத்துக்குத்தான் போனேன். கார்டு நம்பரைத் தட்டினால் போதும், உலகம் பூராவும் போகும் என்றார்கள். போனது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்து ஊஞ்சல் இருக்கிறதா என்றார். மலேசியாவிலிருந்து ஒரு அம்மா பீரோ விலையை ரிங்கிட்டில் சொல்லச் சொன்னார். என் கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நிற்கிற மனுஷன் கண்ணில் மட்டும் அது படவே இல்லை.

அப்போதுதான் சின்னச் சின்ன சைட்டுகளாகப் பார்த்து, அதை நடத்துகிற ஆளையே நேராகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். இந்தப் பக்கத்தில், இந்த மூலையில், இத்தனை நாளைக்கு, இவ்வளவு காசு என்று வாயால் பேசி முடிப்பது. கறிக்கடையில் நின்று, "அந்தத் தொடையில போடுங்க" என்று கை காட்டி வாங்குவது போல. எனக்கு வாய் இருக்கிறது. அதற்கு வேலை வேண்டாமா?

முதலில் பேசியது பெரியதாழை இனிகோவிடம். கடலுக்குப் போகிறவர்களுக்காகக் காற்றும் அலையும் எப்படி என்று தினமும் போடுகிற சைட் அவருடையது. நல்ல மனுஷன். ரேட்டைச் சொல்வதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அக்கா, எங்க ஆளுவ விடியிறதுக்கு முன்ன எந்திச்சிப் பாப்பாவ. காத்து இல்லன்னா கெளம்பிருவாவ, காத்து இருந்தா திரும்பப் படுத்துருவாவ. படுக்கிறதும் பாயிலதான். கட்டிலு இங்க போணியாகாதுக்கா."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். இப்படி வியாபாரம் செய்தால் இவர் எப்படிப் பிழைப்பார் என்று கவலையாகவும் இருந்தது.

அடுத்த வாரம் ஆறுமுகநேரியில் பேங்க் வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்ற அம்மா போனில் பச்சை நிறத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பினால், அங்கே நின்றவர் போனிலும் அதே பச்சை. விசாரித்தேன். காயல்முடுக்கு என்று பெயர். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு நடுவே பெண்கள் போய்வருகிற ஒடுக்கமான சந்துக்கு முடுக்கு என்று பேர். ஊர்ச் செய்தி எல்லாம் அதன் வழியாகத்தானே போகும். சைட்டிலும் அதுதான் ஓடியது. யார் வஃபாத்தானார் என்ற சாவுச் செய்தி, யாருக்கு நிக்காஹ், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, ரயில் எத்தனை மணிக்கு. பாதிப் பேர் வாசிப்பது துபாயிலும் தோஹாவிலும் ஜித்தாவிலும் உட்கார்ந்துகொண்டு. கையில் காசும் மனசில் மகளும் வைத்திருக்கிற ஆண்கள்! எனக்கு வரிசையில் நிற்கவே முடியவில்லை.

சைட்டை நடத்துவது ஆஃபியா என்கிற பெண். அவளுடைய அண்ணன் தல்ஹா தொடங்கியது. அவர் துபாய்க்குப் போனதும் இவள் கைக்கு வந்தது. எங்கள் பேரம் முழுக்க வாட்ஸ்அப்பில், குரல் குரலாக நடந்தது.

எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். மறைக்காமல் படம் எடுத்து அனுப்பினாள். வஃபாத்து அறிவிப்புப் பக்கம்தான் முதலிடம். மற்ற எல்லாம் வெகு தூரத்தில்.

"அப்ப எனக்கு அந்தப் பக்கமே குடு."

"அங்க விளம்பரம் கெடையாதுக்கா. மௌத்து செய்தி பாக்க வாறவங்க கண்ணுல கட்டிலக் காட்டவா?"

"ஓரமா, சின்னதா?"

"ஓரமாவும் கெடையாது."

எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது. கேட்டவுடன் விற்றுவிடுகிற இடத்துக்கு என்ன மதிப்பு? சரி, நிக்காஹ் பக்கத்தின் உச்சி என்று இறங்கி வந்தேன். அவள் ஒரு ரேட் சொன்னாள். நான் பாதி என்றேன். பாதிக்கு அவள் சிரித்தாள், அவ்வளவுதான். மூன்று மாசக் காசை மொத்தமாகத் தருகிறேன் என்றேன். அப்படியானால் வெள்ளிக்கிழமைகளில் முகப்பிலும் சேர்த்துப் போடுகிறேன், ரேட் மட்டும் அதேதான் என்றாள். அன்றைக்குத்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் படுத்துக்கொண்டே ஊரை மேய்வார்களாம். நல்ல பேரம். இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி நினைத்துக்கொண்டோம்.

சண்டை வந்தது படத்தில். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, என் சித்தி மகளை உட்கார வைத்து எடுத்திருந்தேன். பெண்கள் படம் போடுவதில்லை என்று திருப்பி அனுப்பினாள். சரி, எடுத்தேன். சிவப்பு எழுத்து கண்ணைக் குத்துகிறது என்றாள். மாற்றினேன். 'பொன்னுதுரை பர்னிச்சர் மார்ட், நாசரேத், கிளை ஆறுமுகநேரி' என்பது நீளம், சுருக்கவா என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"காசு குடுக்கிறவ நானு. இனிமே ஒரு எழுத்தக்கூட நீ தொடக்கூடாது. அப்படின்னு எனக்கு எழுதிக் குடு, இல்லன்னா காசு கெடையாது."

எழுதிக் கொடுத்தாள். இந்த மொத்த பேரத்தில் என்னுடைய பெரிய வெற்றி அதுதான் என்று அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். மறுநாள் விளம்பர வரிகளை அனுப்பினேன். பிறகு அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, இந்த வரிய மட்டும் கொஞ்சம்..."

"ஒரு எழுத்தக்கூட!"

"அதில்லக்கா, எங்க ஊருல வந்து..."

"ஆஃபியா, எழுதிக் குடுத்தியா இல்லியா?"

"குடுத்தேன்."

"அப்ப போடு."

"சரிக்கா" என்றாள். குரல் லேசாக நடுங்கியது. பயந்துவிட்டாள் பாவம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் விளம்பரம் ஏறியது. அழகாக இருந்தது. 'மகள் புகுந்த வீட்டுக்குப் போகும் நாள் நெருங்குகிறதா? தேக்குக் கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள். மாமியார் வீட்டு வாசல் வரை வேன் இலவசம்!' நானே நாலு தடவை திறந்து பார்த்தேன்.

மறுநாள் ஷட்டரைத் தூக்குவதற்குள் போன் அடித்தது. தோஹாவிலிருந்து ஒருவர்.

"தங்கச்சி, எம் மக எங்க போறா? காலையிலதான் வீட்டுக்குப் பேசுனேன். ஒண்ணும் சொல்லலியே."

ராங் நம்பர் என்று வைத்தேன். அடுத்தவர் மஸ்கட். "அந்த வேனு ஆள் ஏத்துமா? மருமவன் பொட்டி படுக்கையோட வரணும், ஆட்டோவுல அடங்காது." மூன்றாவது ஆள் பேசவே இல்லை. சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார், வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

காயல்பட்டினத்தில் மகள் எங்கேயும் போவதில்லை. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீடு கொடுப்பதுதான் அங்கே வழக்கம். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் நிக்காஹ் பக்கத்தின் உச்சியில், மகளைச் சாமானோடு வேனில் ஏற்றி மாமியார் வீட்டுக்கு அனுப்ப நான் கிளம்பியிருக்கிறேன்!

எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் யார்? ஆனால் விளம்பரம் எழுத உட்கார்ந்தபோது அந்தத் தெரிந்தது எல்லாம் எங்கே போனதோ, கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. எங்கள் வீடுகளில் பெண் பிறந்த அன்றே 'போற பிள்ள' என்று சொல்லிவிடுவார்கள். நான் போகிற பிள்ளையாகவே வளர்ந்து, ஒரு நாள் கட்டில் பீரோவோடு வேனில் போனவள். எழுதினால் வேறு என்ன வரும்?

மத்தியானத்துக்குள் அந்த விளம்பரம் வளைகுடா முழுக்கச் சுற்றிவிட்டு நாசரேத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. கடைக்கு வந்த யாரோ நேசனிடம் காட்டியிருக்கிறார்கள். போனில் முதலில் அவனும் சிரித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"போதும்க்கா. சனிக்கிழம நானும் அப்பாவும் லோடு வண்டியோட வாரோம். சாமான ஏத்திட்டு, ஜெபகனி அண்ணாச்சிட்ட சாவியக் குடுத்துருவோம்."

"ஒப்பந்தம் முடிய இன்னும் நாளு கெடக்குல்லா?"

"இருக்கு. ஆனா ஊரே சிரிக்குக்கா."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்துவிட்டதே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஷட்டரை இறக்கிவிட்டு காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஆஃபியாவின் உம்மா முத்து பீவிதான் கதவைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா மாமியார் வீட்டு வேனு? வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சண்டை போட வந்தவளை இப்படி வரவேற்றால் என்ன செய்வது? வாயைத் திறப்பதற்குள் வட்டிலாப்பம் வந்துவிட்டது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவது எனக்குச் சாத்தியமாகப் படவில்லை.

"நீ ஏம்ளா சொல்லல?" என்று ஆஃபியாவைக் கேட்டேன்.

"சொல்ல வந்தேன். விட்டீங்களா? ஒரு எழுத்தக்கூடன்னு கத்துனீங்க. அத எழுதியும் வாங்கிட்டீங்க." அன்றைக்கு அவள் குரல் நடுங்கியது பயத்தால் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "இதப் பாருங்க. சைட்டு தொடங்குன நாள்ல இருந்து மௌத்து பக்கத்த எந்தப் பக்கமும் தாண்டுனதில்ல. உங்க கட்டிலு தாண்டிட்டுக்கா."

பார்த்தேன். நிக்காஹ் பக்கத்தின் கோடு பனைமரம் மாதிரி நெட்டுக்கு ஏறி நின்றது. அழுகையெல்லாம் போய் எனக்குள் வியாபாரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப உன் சைட்டுக்கு இவ்வளவு கூட்டத்தச் சேத்துக் குடுத்தது யாரு? நீதான் எனக்குக் காசு தரணும்."

"நல்லாருக்கே! எங்க சைட்டுல போடலன்னா அந்த வரிய யாரு பாத்திருப்பா? நாந்தான் ரேட்டக் கூட்டணும்."

"கூட்டுவியா? எங்க ஊர்ச் சிரிப்பு பூரா எந்தலையில. அதுக்கு வெல போடு மொதல்ல."

"இப்ப எடுத்துரவா அக்கா அத? எடுக்கணும்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துருதேன்."

எடுத்துவிடு என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. இவ்வளவு பேர் ஒரு கடை வாசலில் கூடி நிற்கும்போது ஷட்டரை இறக்குகிறவள் வியாபாரியா? அரை மணி நேரம் இழுத்தோம். கடைசியில் இப்படி முடிந்தது: பழைய விளம்பரம் அப்படியே இருக்கும். அதன் கீழேயே இன்னொன்று, காசு இல்லாமல். முகப்பிலும் இரண்டும் சேர்ந்தே வரும். ஒரு ஆர்டர், ஒரே ஒரு ஆர்டர் வந்தாலும் அடுத்த மூன்று மாசத்துக்கு அவள் கேட்கிற ரேட்டை நான் வாயைத் திறக்காமல் கொடுக்க வேண்டும். ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்ற ஒப்பந்தம் ரத்து.

பிறகு அவள் லேப்டாப்பிலேயே எழுதினேன். 'தப்பாகச் சொல்லிவிட்டோம். மகள் எங்கேயும் போகவில்லை. மருமகன்தான் வருகிறார். கட்டில் பலமாக இருக்கட்டும்.'

இரண்டாவது வரியை எழுதும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அந்த வீட்டில் ஆஃபியா பிறந்த அறை, படித்த அறை, கல்யாணத்துக்குப் பின் இருக்கிற அறை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அவளுடைய பள்ளிக்கூடப் படம்கூட அதே ஆணியில் தொங்கியது.

ஆஃபியா வாசித்துக் காட்டினாள். முத்து பீவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"பலமாங்கிறது வேணுமா அக்கா? மாப்பிள்ளமாரு கோவிச்சுக்குவாங்களோ?" என்றாள் ஆஃபியா.

"கோவிக்கட்டும்" என்றார் முத்து பீவி. "கோவிச்சாலும் இங்கதான வந்து படுக்கணும்."

வரி நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை போன் ஓயவில்லை. கிண்டலுக்குக் கூப்பிட்டவர்கள்தான் அதிகம். ஆனால் கிண்டல் செய்து முடித்ததும் சிலர், "சரி, அந்தக் கட்டிலு எவ்வளவு?" என்றார்கள். விலையைக் கேட்டவர்களுக்கெல்லாம் படம் அனுப்பினேன். படத்தைப் பார்த்தார்கள், நல்லாயிருக்கு என்றார்கள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் லோடு வண்டி வந்துவிடும். விற்காத கட்டில்களைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது ஜித்தாவிலிருந்து இப்ராஹீம் என்பவர் பேசினார்.

"தங்கச்சி, ரெண்டு நாளா உங்க விளம்பரத்தப் பாத்து இங்க ரூமே சிரிச்சிக்கிட்டுக் கெடக்கோம். அதுக்குத் தள்ளுபடி உண்டா?"

"சிரிச்சதுக்கு நாந்தான் பாய் உங்ககிட்ட காசு வாங்கணும்."

"வாங்கிக்கிடுங்க. எனக்கு மூணு மக்க. ரெண்டாவது மகளுக்கு வீடு முடியிற கட்டம். தை மாசம் நிக்காஹ். ஒரு கட்டிலோட விடுற கத இல்ல இது, வீடு பூரா சாமான் வேணும். கட்டிலே நாலு. எவ்வளவுக்குத் தருவீங்க?"

என் கை துணியோடு அப்படியே நின்றுவிட்டது. ஆனால் குரலில் அதைக் காட்டினால் நான் பொன்னுதுரை மகள் இல்லை. ஒரு விலை சொன்னேன். அவர் அல்லாவைக் கூப்பிட்டார். நான் தேக்கின் வயசைச் சொன்னேன். அவர் திருநெல்வேலியில் விசாரித்த விலையைச் சொன்னார். நான் திருநெல்வேலிக்காரர்கள் மாடிக்கு ஏற்றித் தருவார்களா என்றேன். அவர் ஏற்றுக்கூலி யாருடையது என்றார். அங்கே அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டுப் போய், தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் பேரம் பேசியதில்லை. கடைசியில் டிரெஸ்ஸிங் டேபிளில் நான் இறங்கினேன், பீரோவில் அவர் ஏறினார். அட்வான்ஸ் உடனே வந்து விழுந்தது.

"பில்லு ஹிபா பேர்ல போடுங்க" என்றார்.

"யாரு பாய்?"

"மகதான். வீடு அவ பேர்ல. உள்ள கெடக்கிற சாமானும் அவ பேர்லதான இருக்கணும்."

எழுதினேன். அவர் வைப்பதாக இல்லை. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பேசினால் பேச்சு பேரத்தோடு நிற்குமா?

"கடை உங்க பேர்லயா தங்கச்சி?"

"இல்ல பாய், தம்பி பேர்ல."

"அப்ப உங்க வாப்பா உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

"கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள்" என்றேன்.

பிறகு அவர் மெதுவாக, "நல்ல தேக்குதான?" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

சனிக்கிழமை காலையில் லோடு வண்டி வந்து நின்றது. முன்னால் அப்பாவும் நேசனும். நான் போனை நேசன் கையில் கொடுத்தேன். ஆர்டரைப் பார்த்தான். அட்வான்ஸ் வந்ததைப் பார்த்தான். மறுபடியும் ஆர்டரைப் பார்த்தான்.

"நெசமாவா?"

"இல்ல, விளையாட்டுக்கு அனுப்பியிருக்காவ."

அப்பா கடைக்குள் போய் ஒவ்வொரு கட்டிலாகக் கையால் தட்டிப் பார்த்தார். விலையைக் கேட்டார். சொன்னேன். எந்த இடத்தில் இறங்கினாய் என்று கேட்டார். டிரெஸ்ஸிங் டேபிளில் என்றேன். தலையை ஆட்டினார். அவரும் அங்கேதான் இறங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். வண்டிக்காரரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

நேசன் நல்லவன். அதை நான் எப்போதும் சொல்வேன். முகம் பூராவும் சிரிப்போடு, "அப்ப மூட வேண்டாம்ப்பா. இன்னும் மூணு வருசத்துக்கு ஓட்டுவோம். நான் ஜெபகனி அண்ணாச்சிட்டப் போயி அக்ரிமெண்டப் புதுப்பிச்சிருதேன்" என்றான்.

"எம் பேர்ல போடுங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று ராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான், வெளியே வந்தபோது யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

"பேர்ல என்னளா இருக்கு? பாக்கிறது நீதான?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்லன்னா எம் பேர்லயே போடலாம்லா?"

"அதுக்கில்ல. நாளைக்கு ஓம் மாப்பிள்ளைக்கு வேற எங்கயாவது வேல மாறுச்சின்னு வையி. நீ போயிருவ. போற பிள்ள பேர்ல..." அதற்கு மேல் அவராகவே நிறுத்திக்கொண்டார்.

பேரத்தில் அழுதால் விலை போய்விடும். அதனால் அழாமல் சொன்னேன்.

"கல்யாணம் ஆன அன்னைக்கே போயிட்டம்னு சொல்லுதிய. எங்க போனேன்ப்பா? தெனமும் காலையில பஸ்ஸேறி உங்க கடைக்குத்தான வாரேன்? உங்க மரத்தத்தான தொடச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்?"

அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் விலை யோசிக்கும்போது அப்படித்தான் நிற்பார். நேசன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அக்கா பேர்லயே இருக்கட்டும்ப்பா" என்றான் மெதுவாக.

அப்பா போனை எடுத்துத் தூரத்தில் வைத்துக்கொண்டு நம்பரைத் தேடினார். "ஜெபகனி, நான் பொன்னுதுரை. கடைய விடல. அக்ரிமெண்டு புதுசா போடணும். நேசன் பேர்ல இல்ல, மூத்தவ பேர்ல. ஆமா, ரேச்சல்." அந்தப் பக்கம் அண்ணாச்சி நீளமாக என்னவோ சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"வாடகையக் கூட்டணும்னு சொல்லுதான். எங்கிட்ட எதுக்கு? கடை உன்னுதுல்லா, நீயே பேசிக்கோ."

போனை வாங்கினேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கடையின் ஸ்டூலை இழுத்துப் போட்டு நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "எவ்வளவு குறைப்பிய?"